டேங்க் முழுக்க நத்தை, மீனும் சாகுது… காப்பர் மருந்து ஊத்தலாமா டாக்டர்?

வாசகி எழுதினது, சுருக்கமா

ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க, பேரு ஊரு எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வீட்டுல ஒரு வருஷமா 60 லிட்டர் டேங்க் இருக்கு. அதுல 10 கப்பி, 5 கோரி (அடில மேயுற குட்டி கெளுத்தி மீன்), கொஞ்சம் செர்ரி இறால், நிறைய செடி. ரெண்டு மாசம் முன்னாடி புதுசா நாலஞ்சு செடி வாங்கி நட்டிருக்காங்க, மூணாவது வாரமே கண்ணாடில குட்டி குட்டியா பழுப்பு நத்தை, ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்க முட்டை. இப்ப ராத்திரி லைட் அடிச்சுப் பாத்தா ஜல்லி மேல கூம்பு மாதிரி நீளமா இன்னொரு வகையும் ஊருதாம்.

போன மாசத்துல 4 கப்பி செத்துருச்சு. செத்த மீன் மேல நத்தை மொய்ச்சுக்கிட்டு இருந்ததை கண்ணால பாத்திருக்காங்க, அதனால நத்தைதான் கொல்லுதுன்னு முடிவுக்கு வந்துட்டாங்க. செடி இலைலயும் ஓட்டை ஓட்டையா இருக்கு. மீனுக்கு சாப்பாடு ஒரு நாளைக்கு 3 வேளை, அதுபோக 6 வயசு பொண்ணு ஆசைக்கு அப்பப்ப போடுற ஒரு சிட்டிகை. ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரா வாரம் குழாய்த் தண்ணில நல்லா பிழிஞ்சு கழுவுறாங்க, மாசம் ஒரு தடவை ஜல்லியை வெளிய எடுத்து அலசி முழுத் தண்ணியையும் மாத்துறாங்க. "இவ்வளவு சுத்தமா வச்சும், பெரிய கிளீனிங் பண்ணின ரெண்டு மூணு நாள்லயே மீன் சாகுது டாக்டர், ஏன்னே புரியல"ன்னு ஒரு வரி எழுதியிருக்காங்க.

காப்பர் கலந்த நத்தை மருந்து ஒரு பாட்டில் வாங்கி வச்சாச்சு, இன்னும் திறக்கல. கணவர் மொத்தமா காலி பண்ணி ப்ளீச் போட்டு கழுவிட்டு புதுசா ஆரம்பிக்கலாம்ங்கிறார். மாமியார் குழந்தைக்கு நோய் வந்துடும் டேங்க்கே வேணாம்ங்கிறாங்க. வாசகிக்கு க்ளவுன் லோச்ங்கிற மீனை வாங்கி விட்டா நத்தையைத் தின்னுடும்னு ஒரு யோசனை, பிடிச்ச நத்தையை குளத்துல விட்டுடலாமான்னு இன்னொரு கேள்வி.

என் பதில்

வணக்கம்ங்க. முதல்ல ஒண்ணு, அந்த பாட்டிலை இன்னும் திறக்காம இருக்கீங்களே, அதுவே பெரிய விஷயம். இதை படிச்சு முடிக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். நீங்க ரொம்ப அக்கறையா பாத்துக்கிறீங்கன்னு கடிதத்துலயே தெரியுது, அக்கறை இல்லாதவங்க மீன் எந்த நாள்ல செத்துச்சுன்னு கவனிச்சு எழுத மாட்டாங்க. உங்க கேள்விக்கான பதில் நீங்க எழுதின அந்த ஒரு வரிலயே இருக்கு, பெரிய கிளீனிங் பண்ணின ரெண்டு மூணு நாள்ல மீன் சாகுதுங்கிற வரி. நத்தை கொல்றதா இருந்தா அது கிளீனிங் நாள் பாத்தா கொல்லும்?

உங்க மீனை நத்தை கொல்லலைங்க. நீங்க சொல்ற ரெண்டு வகையும் உயிரோட நீந்துற மீனைப் பிடிக்கிற ஜாதி இல்ல, அதுக்கு வேகமும் கிடையாது, வாயும் அப்படி கிடையாது. அது தின்னுறது கண்ணாடில படியிற பாசி, அழுகின இலை, மிச்சம் விழுந்த சாப்பாடு, செத்த உடம்பு. செத்த மீன் மேல மொய்ச்சுது சரி, ஆனா அது மீன் செத்ததுக்கு அப்புறம் வந்தது. இன்னும் சொல்லப்போனா நீங்க காலைல எந்திரிச்சு பாக்குற வரைக்கும் அந்த உடம்பு அழுகி தண்ணியைக் கெடுக்காம கொஞ்சம் குறைச்சது அதுதான். (அதுக்காக செத்த மீனை நத்தைக்கு விட்டு வைக்காதீங்க, பாத்த உடனே எடுத்துடணும்.)

அப்ப மீன் ஏன் சாகுது?

இதைத்தான் நிதானமா சொல்லணும், ஏன்னா இது புரிஞ்சா நத்தை விஷயமும் தானா புரிஞ்சுடும். மீன் செவுள் வழியா அம்மோனியாவை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், மிச்ச சாப்பாடும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான் வரும், அது மீனுக்கு விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட் கொஞ்சம் இருந்தா மீன் தாங்கிக்கும், செடியும் எடுத்துக்கும். இந்த பாக்டீரியா எல்லாம் தண்ணில மிதந்துக்கிட்டு இருக்காது, ஃபில்டர் ஸ்பாஞ்ச்லயும் ஜல்லிலயும் ஒட்டி வாழும். குழாய்த் தண்ணில கிருமியைக் கொல்லத்தான் குளோரின் போடுறாங்க, அது நல்ல கிருமி கெட்ட கிருமின்னு பாத்து கொல்லாது. வாரா வாரம் ஸ்பாஞ்சை அந்தத் தண்ணில பிழியும்போது பாதி போகுது, மாசக் கடைசில ஜல்லியையும் அலசும்போது மிச்சமும் போகுது. அன்னைக்கு டேங்க் பளிச்சுன்னு இருக்கும். ஆனா அடுத்த ரெண்டு மூணு நாள் மீன் விடுற அம்மோனியாவை வாங்கிக்க ஆளே இல்ல, அது ஏறிக்கிட்டே போகும், 3 வேளை சாப்பாடு வேற விழுது. நீங்க எழுதின கணக்கு இதோட அப்படியே பொருந்துது.

அதனால இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. சொட்டு விட்டு டெஸ்ட் பண்ற கிட் ஒண்ணு வாங்கி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு) நாலும் பாருங்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்கணும், 0.25ன்னு காட்டினாலே அது எச்சரிக்கை. பிஹெச் கூடவே பாக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, அதே அளவு அம்மோனியா பிஹெச் 7ல இருக்கும்போது அதுல விஷமான பங்கு ரொம்பக் கம்மி, பிஹெச் 8 ஆனா அந்த பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆயிடும், தண்ணி சூடா இருந்தா இன்னும் கூடும். மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குது, செவுள் சிவந்திருக்குன்னா டெஸ்ட் கிட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, குளோரின் நீக்குற சொட்டு மருந்து போட்ட, அதே சூடு இருக்க தண்ணியால 30ல இருந்து 50 சதவீதம் மாத்திடுங்க, அடுத்த நாள் தேவைப்பட்டா மறுபடியும் மாத்துங்க, காத்து மோட்டார் இருந்தா ஓட விடுங்க. நீங்க கடிதத்துல குளோரின் நீக்குற மருந்து பத்தி எங்கயுமே சொல்லல. போடுறது இல்லன்னா அதுவே தனியா ஒரு காரணம், முழுத் தண்ணி மாத்துற அன்னைக்கு குளோரின் நேரா செவுள்ல படும்.

இனிமே ஸ்பாஞ்சை கழுவணும்னா டேங்க்ல இருந்து எடுத்த பழைய தண்ணில ரெண்டு தடவை பிழிஞ்சுட்டு திருப்பி வச்சுடுங்க, அது பழுப்பாவே இருந்தாலும் பரவால்ல, தண்ணி ஓட்டம் குறையும்போது மட்டும் பண்ணினா போதும். ஜல்லியை வெளிய எடுக்கவே வேணாம், வாரம் ஒரு தடவை கால்வாசி தண்ணி மாத்தும்போது சைஃபன் குழாய் வச்சு ஜல்லில ஒரு பகுதி அழுக்கை உறிஞ்சுங்க, அடுத்த வாரம் அடுத்த பகுதி. அவ்வளவுதான்.

நத்தை எப்படி வந்துச்சு, ஏன் இவ்வளவு ஆச்சு

செடியோட வந்துச்சு, இதுல சந்தேகமே வேணாம். கண்ணாடில இருக்க மெல்லிசு ஓடு பழுப்பு நத்தை, ஓட்டோட வாய் இடது பக்கம் திறந்திருந்தா அது பிளாடர் நத்தை. ஓட்டோட கூர் நுனி மேல பாக்க, வாய் உங்களைப் பாக்கிற மாதிரி கைல வச்சுப் பாருங்க, வாய் எந்தப் பக்கம்னு தெரியும். இது ஒவ்வொண்ணும் ஆணும் பெண்ணும் ரெண்டுமா இருக்கும், ஜோடி கிடைக்கலன்னா தானே கரு உண்டாக்கி முட்டை போடவும் முடியும், அதனால ஒரே ஒரு நத்தை வந்தாலும் போதும். நீங்க பாத்த ஜெல்லி ஒவ்வொண்ணுலயும் நிறைய முட்டை இருக்கும், தண்ணி சூட்டைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு வாரத்துல பொரிஞ்சுடும். ஜல்லில ராத்திரி ஊருற கூம்பு வடிவம் டிரம்பெட் நத்தை. அது முட்டை போடாது, குட்டியாவே போடும், ஆண் இல்லாமலே பெண் மட்டும் குட்டி போடுற வகை, ஒரு பெரிய நத்தை உடம்புக்குள்ள டஜன் கணக்குல குட்டி வச்சிருக்கும். பகல்ல ஜல்லிக்குள்ள புதைஞ்சு கிடக்கும், அதனாலதான் உங்களுக்கு ரொம்ப நாள் தெரியல.

ஆனா வந்ததுக்கு செடி காரணம்னாலும் இவ்வளவு ஆனதுக்கு செடி காரணம் இல்ல. நத்தை எண்ணிக்கை ஒரு மீட்டர் மாதிரிங்க, டேங்க்ல எவ்வளவு சாப்பாடு மிச்சமாகுதோ அதைக் காட்டும். சாப்பாடு இல்லாத டேங்க்ல ஒரு நத்தை வந்தா ரெண்டு மூணோட நிக்கும், 3 வேளை சாப்பாடும் பொண்ணு போடுற சிட்டிகையும் சேர்ந்து அடில போய் உக்காருற டேங்க்ல நூத்துக்கணக்குல ஆகும். அதே மிச்ச சாப்பாடுதான் அம்மோனியாவாவும் ஆகுது. நத்தை பெருகுறதுக்கும் மீன் சாகுறதுக்கும் வேர் ஒண்ணுதான், அதனாலதான் ரெண்டும் சேர்ந்தே நடக்குது, நீங்க ஒண்ணு இன்னொண்ணுக்கு காரணம்னு நினைச்சுட்டீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைக்கத் தோணும்.

இலை ஓட்டைக்கும் பெரும்பாலும் நத்தை காரணம் இல்ல. கடைல விக்கிற செடி நிறைய தண்ணிக்கு மேல வளத்து கொண்டு வர்றது, தண்ணிக்குள்ள நட்டதும் பழைய இலை கரைஞ்சு அழுகும், அப்புறம் தண்ணிக்கு ஏத்த புது இலை விடும். அந்த அழுகுற பகுதியைத்தான் நத்தை தின்னுது. புது இலை நல்லா இருக்கு, பழைய இலைல மட்டும் ஓட்டைன்னா பயப்பட ஒண்ணுமில்ல. நல்லா செட்டான செடிலயும் பழைய இலைல குண்டூசி ஓட்டை மாதிரி வந்து மஞ்சளாகி பெருசானா பொட்டாசியம் பத்தலையான்னு பாக்கணும், செடிக்கான திரவ உரம் போட்டா சரியாகும். ஆனா அந்த உரத்துல காப்பர் எவ்வளவுன்னு பாட்டில்ல படிச்சுக்கோங்க, இறால் இருக்குறதால சொல்றேன். செடிக்கு வேண்டிய துளியூண்டு காப்பர் சொன்ன அளவுல போட்டா இறாலை ஒண்ணும் பண்ணாது, அளவுக்கு மேல ஊத்தக்கூடாது.

காப்பர் மருந்து: உங்க டேங்க்ல வேணவே வேணாம்

காப்பர் நத்தையைக் கொல்லும், அது உண்மை. ஆனா அது நத்தைக்குன்னு மட்டும் வேலை செய்ற மருந்து இல்ல, உங்க செர்ரி இறால் நத்தைக்கு முன்னாடியே போயிடும். தண்ணி மிருதுவா இருந்தா, அதாவது கால்சியம், மெக்னீசியம் கம்மியா இருந்தா, மீனோட செவுளையும் காப்பர் அரிக்கும், ஏற்கனவே அம்மோனியால அடிபட்ட செவுளு அது. இன்னொண்ணு, ஊத்தின காப்பர் எல்லாம் தண்ணி மாத்தினா போயிடும்னு நினைக்காதீங்க, ஒரு பங்கு ஜல்லில போய் ஒட்டிக்கும், பின்னால பிஹெச் இறங்கும்போது மறுபடி தண்ணிக்கு வரும், ஆறு மாசம் கழிச்சு இறால் வாங்கி விட்டு அது சாகும்போது காரணமே தெரியாம முழிப்போம்.

சரி, எல்லாத்தையும் மீறி மருந்து நல்லா வேலை செஞ்சுடுச்சுன்னே வச்சுக்கோங்க, அதுதான் இன்னும் மோசம். நூத்துக்கணக்கான நத்தை ஒரே ராத்திரில சாகும், பாதி ஜல்லிக்குள்ள, எடுக்க முடியாத இடத்துல. அத்தனை சதையும் ஒரே நேரத்துல அழுகி அம்மோனியாவா மாறும், வாங்கிக்க வேண்டிய பாக்டீரியா ஏற்கனவே கம்மி. மருந்து ஊத்தி மூணாம் நாள் மொத்த மீனும் போச்சுன்னு எங்ககிட்ட வர்றவங்க கதை பெரும்பாலும் இதுதான், அவங்க மருந்து மேலயே பழி போடுவாங்க, கொன்னது அம்மோனியா. இதுல டிரம்பெட் நத்தைக்கு ஓட்டு வாயில ஒரு மூடி இருக்கு, தண்ணி பிடிக்கலன்னா மூடியை இறுக்கி சாத்திக்கிட்டு உள்ள இருக்கும், அதனால கடைசில பிழைச்சு நிக்கிறதும் அதுவாத்தான் இருக்கும். உப்பு போட்டுப் பாக்கலாமான்னு அடுத்து தோணும், அதுவும் வேணாம், டிரம்பெட் நத்தை உவர் தண்ணியையே தாங்கும், செடிக்கும் கோரிக்கும்தான் கெடுதல்.

உங்க கணவர் சொல்ற மாதிரி எல்லாத்தையும் காலி பண்ணி ப்ளீச்ல கழுவினா நத்தை போகும், ஆனா டேங்க் சுத்த பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும், பாக்டீரியா மறுபடி முழுசா வர்றதுக்கு பொதுவா 4ல இருந்து 6 வாரம் ஆகும், அத்தனை நாள் இந்த மீனை எங்க வைப்பீங்க? அதே செடியை திருப்பி நட்டா அதோட வேர்ல ஒளிஞ்சிருக்க குட்டி நத்தையும் கூடவே வரும். அவர் யோசனை தப்புன்னு சொல்லல, வேற நிலைமைல அது சரி, உங்க நிலைமைல நஷ்டம் ஜாஸ்தி. நத்தைக்காக மட்டும் ஒரு நல்ல டேங்கை கலைக்க நான் சொல்ல மாட்டேன்.

நத்தை தின்னுற மீன் வாங்கலாமா

க்ளவுன் லோச் கடைல பாக்கும்போது ரெண்டு விரல் நீளம்தான் இருக்கும், ஆனா அது 30 செ.மீ வரை வளர்ற மீன், கூட்டமா வாழுற மீன், நல்லா வச்சா 20 வருஷத்துக்கு மேலயும் இருக்கும். 60 லிட்டர்ல அதை விடுறது அந்த மீனுக்கு பண்ற கொடுமை, மன்னிச்சுக்கோங்க, இதை மென்மையா சொல்ல எனக்குத் தெரியல. யோயோ லோச், ஜீப்ரா லோச் அதைவிட சின்னதுதான், ஆனா அதுவும் கூட்டமா இருக்கணும், உங்க டேங்க் பத்தாது, இறாலும் மிஞ்சாது. பட்டாணி பஃபர்னு ஒரு குட்டி மீன் சொல்லுவாங்க, 3 செ.மீ சுமாருக்குத்தான் வளரும், நத்தையை விரும்பித் தின்னும், ஆனா கப்பியோட வால் துடுப்பைக் கடிச்சு கிழிச்சுடும். வேணாம்.

உங்க டேங்குக்கு ஓரளவு பொருந்துறது அசாசின் நத்தை, மஞ்சளும் கருப்புமா பட்டை போட்ட ஓடு, மத்த நத்தையைத் தேடிப் பிடிச்சு தின்னுற நத்தை. மூணு நாலு விட்டா போதும். மெதுவாத்தான் வேலை செய்யும், மாசக்கணக்குல ஆகும். அதுல ஆண் பெண் தனித்தனி, குட்டி வந்தாலும் ரொம்ப மெதுவா வரும், அதனால அதுவே தொல்லையாகுற அளவுக்கு சட்டுன்னு போகாது. நல்லா ஓடுற இறாலைப் பொதுவா தொடாது, நோவுல கிடக்குறதைத் தொடலாம். ஆனா இதையும் உடனே வாங்காதீங்க, முதல்ல தண்ணி சரியாகட்டும், அம்மோனியா இருக்க தண்ணில இன்னொரு உயிரைக் கொண்டு வந்து விடுறதுல அர்த்தமில்ல. சாப்பாடு குறைச்ச பிறகு பாதிப் பேருக்கு இது தேவையே படாது.

சரி, என்னதான் பண்றது

சாப்பாடுதான் முதல் மருந்து. ஒரு நாளைக்கு ஒரே வேளை, கப்பி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு, அடில விழுந்து தங்கவே கூடாது. கோரிக்கு அடில போற மாத்திரை ராத்திரி லைட் அணைச்சப்புறம் இப்ப போடுறதுல பாதி. வாரத்துல ஒரு நாள் ஒண்ணுமே போடாதீங்க, வளந்த மீனுக்கு ஒண்ணும் ஆகாது. பொண்ணை ஒரேடியா தடுக்காதீங்க, பாவம், அதுக்கு பதிலா அன்னன்னைக்கு உள்ள அளவை நீங்களே ஒரு குட்டி டப்பால எடுத்து வச்சுடுங்க, அதை அவளே போடட்டும், டப்பா காலியானா அன்னைக்கு முடிஞ்சுது. குழந்தை இருக்க வீட்டுல இது நல்லாவே எடுபடும்.

அப்புறம் பொறி. ஒரு வெள்ளரிக்காய்த் துண்டை லேசா வெந்நீர்ல போட்டு எடுத்து, ஸ்டீல் ஸ்பூன்ல குத்தி லைட் அணைச்சதும் அடில போட்டுடுங்க. ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு பாத்தா அது தெரியாத அளவுக்கு நத்தை ஏறியிருக்கும், அப்படியே தூக்கி எடுத்துடலாம், விடிய விடிய விட்டு வைக்காதீங்க, ஊறிப்போய் தண்ணி கெடும். தினம் பண்ணுங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பண்ணினாலும் சரி. கண்ணாடில இருக்க ஜெல்லி முட்டையை பழைய கார்டு வச்சு சுரண்டி எடுத்துடுங்க, சைஃபன் போடும்போது ஜல்லில இருக்க டிரம்பெட் குட்டியும் கொஞ்சம் வரும். மொத்தமும் ஒரே நாள்ல போகணும்னு பாக்காதீங்க, மெதுவா குறையுறதுதான் டேங்குக்கு நல்லது, பாக்டீரியாவும் அதுக்குள்ள வளந்துடும்.

டிரம்பெட் நத்தை முழுசா போகாதுங்க. கொஞ்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும், இருக்கட்டும். அது ஜல்லியை அடில இருந்து கிளறி விடுது, கெட்ட வாயு ஒரே இடத்துல தேங்காம பாத்துக்குது. இன்னொரு உபகாரமும் இருக்கு. அது செவுளால மூச்சு விடுற வகை, அதனால பகல்லயே கூட்டமா கண்ணாடில மேல ஏறி நிக்குதுன்னா அடில ஆக்ஸிஜன் குறைஞ்சிருக்கு இல்ல தண்ணி கெட்டிருக்குன்னு சந்தேகப்படணும், அன்னைக்கே டெஸ்ட் பண்ணுங்க. பிளாடர் நத்தை மேல வர்றதை வச்சு அப்படி சொல்ல முடியாது, அது காத்தையே சுவாசிக்கிறது, சும்மாவே மேல வரும்.

அடுத்த தடவை செடி வாங்கினா நேரா டேங்க்ல நடாதீங்க. தனி பக்கெட்ல வெளிச்சம் படுற இடத்துல 3, 4 வாரம் வச்சுப் பாருங்க, முட்டை இருந்தா பொரிஞ்சு நத்தை கண்ணுல பட்டுடும், எடுத்துடலாம். அவ்வளவு பொறுமை இல்லன்னா வாசனை கலக்காத சாதா ப்ளீச் 1 பங்குக்கு தண்ணி 19 பங்கு கலந்து அதுல 2 நிமிஷம் முக்கி, நல்லா அலசி, குளோரின் நீக்குற மருந்து போட்ட தண்ணில ஊற வச்சு அப்புறம் நடலாம். ஆனா மாஸ்னு விக்கிற பாசிச் செடி, வாலிஸ்நேரியா மாதிரி மெல்லிசு இலைச் செடி இதுல செத்துடும், எல்லா முட்டையும் சாகும்னும் உத்தரவாதம் கிடையாது. டிஷ்யூ கல்ச்சர்னு மூடின கப்புல ஜெல்லோட விக்கிறாங்களே, அதுல நத்தை வராது.

உங்க மாமியாரோட பயமும் குளமும்

மாமியார் சொல்றதை அப்படியே ஒதுக்கிடாதீங்க, அவங்க பயத்துக்கு ஒரு அடிப்படை இருக்கு. நன்னீர் நத்தை மூலமா மனுஷனுக்கு வர்ற ஒட்டுண்ணி நோய் உலகத்துல இருக்கு, சிஸ்டோசோமியாசிஸ் ஒண்ணு. ஆனா அந்தப் புழு நத்தைக்குள்ள பிறக்குறது இல்ல, நோய் இருக்க மனுஷனோட கழிவு தண்ணில கலந்து, அதுல இருந்து வர்ற புழுக்குஞ்சு குறிப்பிட்ட சில வகை நத்தைக்குள்ள போய் வளந்து திரும்ப வரணும். தாய் நத்தைல இருந்து குட்டிக்கு அது போகாது. உங்க டேங்க்ல பொரிஞ்ச நத்தை எந்தக் குளத்தையும் பாத்ததே இல்ல, அந்தச் சுழற்சிக்கு உங்க வீட்டுக் கண்ணாடித் தொட்டில வழியே இல்ல. இதை அவங்ககிட்ட பொறுமையா சொல்லுங்க, நீங்க சொல்றது வேற இடத்துல உண்மைதான் அத்தைன்னு ஆரம்பிச்சு சொல்லுங்க.

உண்மையா கவனிக்க வேண்டியது வேற. எந்த மீன் டேங்க்லயும், நத்தை இருந்தாலும் இல்லாட்டியும், சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியா இருக்கலாம், மைகோபாக்டீரியம் மெரினம்னு ஒண்ணும் இருக்கலாம், அது கைல வெட்டுக்காயம் வழியா போய் ஆறாத கட்டி மாதிரி வரும். அதனால பொண்ணு கைல காயம் இருக்கும்போது டேங்க்ல கை விடக்கூடாது, விட்டா சோப்பு போட்டு கழுவணும், நீங்களும்தான். கைல அப்படி கட்டி வந்து வாரக்கணக்குல ஆறலன்னா டாக்டர்கிட்ட போகும்போது வீட்டுல மீன் டேங்க் இருக்குன்னு மறக்காம சொல்லணும், அதைச் சொல்லலன்னா அவருக்கு அந்தக் கோணமே தோணாம போகலாம். வாயால சைஃபன் உறிஞ்சுற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க.

குளத்துல மட்டும் விட்டுடாதீங்க, கும்பிட்டு கேட்டுக்கிறேன். தென் அமெரிக்காவுல இருந்து 1980 வாக்குல சாப்பாட்டுக்குன்னு தைவானுக்கு கொண்டு வந்த ஆப்பிள் நத்தை வயல்ல புகுந்து கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவுல பல நாட்டுல நெல் நாத்தைத் தின்னு இன்னைக்கு வரைக்கும் விவசாயி அவஸ்தைப்படுறாங்க. உங்க டிரம்பெட் நத்தையும் டேங்க் வியாபாரம் வழியா அமெரிக்கக் கண்டம் வரைக்கும் போய் ஆத்துலயும் ஏரிலயும் பரவின ஒண்ணுதான், வெளிய அது சில ஒட்டுண்ணிப் புழுவுக்கு இடமும் கொடுக்கும். டாய்லெட்ல கொட்டுறதும் வேணாம். பிடிச்சதை ஒரு தடிமனான கவர்ல போட்டு ஒரே அடில நசுக்கி குப்பைல போட்டுடுங்க, கேக்க கஷ்டமா இருக்கும், ஆனா வெயில்ல காய விடுறது, உப்புல போடுறது எல்லாத்தையும் விட அதுக்கு வலி கம்மி. பொண்ணு முன்னாடி வேணாம். முட்டை ஜெல்லியும் அதே குப்பைதான். செடித் தொட்டில மண்ணுக்குள்ள புதைச்சாலும் சரி, ஓட்டுல இருக்க கால்சியம் மண்ணுக்கு நல்லதுதான்.

அந்த காப்பர் பாட்டிலை திருப்பி எடுத்துக்குவாங்களான்னு வாங்கின இடத்துல கேளுங்க. எடுத்துக்கலன்னா சிங்க்ல ஊத்தாதீங்க, லேபிள்ல அப்புறப்படுத்துறது எப்படின்னு போட்டிருக்கும், அதன்படி பண்ணுங்க, அது வரைக்கும் பொண்ணுக்கு எட்டாத இடத்துல வைங்க.

இதையெல்லாம் பண்ணி ஒரு மாசம் பாருங்க, வாரம் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி ஒரு நோட்டுல தேதியோட எழுதி வைங்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து 0 காட்டியும் மீன் சாகுதுன்னா அது வேற பிரச்சனை, நோயாவே இருக்கலாம், அப்ப அந்த நோட்டுப் பக்கத்தையும், மீனோட உடம்பு, செவுள், துடுப்பு தெரியுற மாதிரி தெளிவா எடுத்த படத்தையும் சேர்த்து மறுபடி எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.